“சோத்தைக் குறைங்க” – சரி, எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

சாப்பாடு பற்றி டாக்டர் சொன்னதும், சொல்லாமல் விட்டதும் குறித்து வந்த கடிதங்கள் இம்முறை. ஒரு குடும்ப மருத்துவரும் ஓர் உணவியல் வல்லுநரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு 52 வயது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 8.9 இருந்தது. எங்கள் தெரு டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டிவிட்டு, “சோத்தைக் குறைங்க, கிழங்கு வேண்டாம், நடங்க” என்றார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைப்பது என்று கேட்க வாய் வரவில்லை. – வாசகர், கரூர்

கேட்பதற்கு முன்னால் அளந்துவிட்டுப் போங்கள். “மூணு கரண்டி சாப்பிடுறேன்” என்றால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டுக் கரண்டி எவ்வளவு பெரிது என்று அவர் கண்டாரா? உலையில் போடுகிற அரிசியிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் அரிசி சுமார் 170 கிராம் வரும். நாலு பேர் வீட்டில் மதியத்துக்கு மூன்று டம்ளர் போட்டு, வடித்த சோற்றில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் தட்டுக்கு வருகிறது என்றால், ஒரே வேளையில் 170 கிராம் அரிசி சாப்பிடுகிறீர்கள். அதில் மாவுச்சத்து மட்டுமே 130 கிராமுக்கு மேல். உங்கள் மாத்திரை போராடுவது இதோடுதான்.

பட்டறை வேலை செய்கிற உடம்புக்கு “ஒரு கப் சோறு போதும்” என்று சொல்வது நடக்காத காரியம். முதல் மாதம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், அதாவது 170 கிராம் அரிசி 110 ஆகட்டும். நம் சாப்பாட்டு முறையே இதற்கு வழி வைத்திருக்கிறது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்கிறோம். ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டால் இரண்டு தடவைச் சோறு மிச்சம். அதில் ஒன்றைக் குழம்புக்கே சேர்த்துக்கொள்ளலாம். காலியான இடத்தில் காய் இரண்டு மடங்காக வேண்டும். கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு முட்டையோ, இரண்டு துண்டு மீனோ இருக்க வேண்டும். இதை நிரப்பாமல் சோற்றை மட்டும் எடுத்தவர்கள்தான் நாலு மணிக்கு டீக்கடையில் போண்டாவோடு நிற்கிறார்கள். பிறகு “டயட் எனக்கு ஒத்துவரலை” என்பார்கள்.

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது வேறு: “சோற்றை இந்த அளவு குறைக்கப்போகிறேன், மாத்திரையை மாற்ற வேண்டுமா?” மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. க்ளிமிபிரைட், க்ளிக்லசைடு வகையோ இன்சுலினோ எடுக்கிறீர்கள் என்றால், சாப்பாடு குறைந்ததும் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும். மாத்திரையைக் கூட்டிய அதே வாரத்தில் சோற்றையும் குறைத்தால் ஆபத்து இரட்டிப்பு, அதிலும் வெல்டிங் மிஷின் பக்கத்தில் நிற்பவருக்கு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால், அல்லது அளவு 70க்குக் கீழே இறங்கினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்குச் சரிவராது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்கள் சோற்றை அறவே நிறுத்தவே கூடாது. குளுக்கோமீட்டரில் அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். வாந்தியும் மூச்சு வாங்குவதும் வந்த பிறகுதான் தெரியும்.

குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும். அதனால் தினமும் குத்திப் பார்க்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளைக்கு மட்டும் சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று எடுங்கள். அடுத்த வாரம் வேறு வேளைக்கு. எந்த வேளையில் ஏற்றம் அதிகமோ அந்த வேளையில்தான் கைவைக்க வேண்டும். இந்த அளவுகளை எழுதிய தாளை நீட்டிப் பாருங்கள், அவசரத்திலிருக்கும் டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

எம்.பி.பி.எஸ். முடித்து ஊரிலேயே கிளினிக் வைத்து எட்டு மாதமாகிறது. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. அச்சடித்த டயட் சார்ட் கொடுக்கிறேன், யாரும் பின்பற்றுவதில்லை. ஐந்து நிமிடத்தில் உணவு ஆலோசனை சாத்தியமா? – இளம் மருத்துவர், திருக்கோவிலூர்

முழு ஆலோசனை சாத்தியமில்லை, ஒரு மாற்றம் சாத்தியம். சார்ட்டை முதலில் தூக்கி வையுங்கள். ஓட்ஸ், ஆப்பிள், கொழுப்பு நீக்கிய பால் என்று தொடங்கும் தாள், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் வீட்டில் வேப்பிலைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும்.

“நல்லா சாப்பிடுறீங்களா?” என்று கேட்காதீர்கள். “நேத்து காலையில எழுந்ததுல இருந்து வாயில போட்டதெல்லாம் வரிசையா சொல்லுங்க, டீ உட்பட” என்று கேளுங்கள். ஒன்றரை நிமிடம் ஆகும். நடுவே முகத்தைச் சுளிக்காதீர்கள். சுளித்தால் பரோட்டா கணக்கில் வராது. சொல்லி முடித்ததும் இரண்டு கேள்வி: “நேத்து வழக்கமான நாள்தானா? ஞாயித்துக்கிழமை என்ன மாறும்?” டீயைத் தனியாக எண்ணுங்கள். நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 40 கிராம் சர்க்கரை, மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். “நான் சர்க்கரையே சேர்க்கறதில்ல” என்று சொல்பவர்களிடமும் இந்தக் கணக்கு உண்டு. டீயில் போடுவதைச் சர்க்கரை என்று யாரும் நினைப்பதே இல்லை.

எண்ணெய்க்கும் உப்புக்கும் மளிகைக் கணக்கைக் கேளுங்கள். “மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க, எத்தனை பேர்?” நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்குச் சொல்லும் அளவு 27 கிராம். இதில் கடை வடையும் பஜ்ஜியும் சேரவில்லை. மூன்று லிட்டருக்கு இறக்கினால் 23 கிராமுக்கு வரும். ஸ்பூன் கணக்கு சொல்லாதீர்கள், “மாசம் ஒரு லிட்டர் கம்மியா வாங்குங்க” என்று சொல்லுங்கள். சமைக்கும்போது அளப்பதை விட வாங்கும்போது அளப்பது சுலபம். உப்பும் அப்படியே. ஒரு கிலோ பாக்கெட் நாலு பேருக்கு ஒரு மாதம் வந்தால் ஆளுக்கு நாளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அதற்கு ஒரு பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எடையையும் இடுப்புச் சுற்றளவையும் நர்ஸ் எடுக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் எடுக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 நம் எல்லை. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) நமக்கு 23லேயே அதிக எடை, 25ல் உடல் பருமன். மேல்நாட்டு அட்டவணையின் 25ஐயும் 30ஐயும் வைத்துக்கொண்டு “நார்மல்” என்று அனுப்பிவிடாதீர்கள்.

பிறகு ஒன்றே ஒன்றை, அவர் தேர்ந்தெடுக்கும்படி, மருந்துச் சீட்டிலேயே எழுதுங்கள், மாத்திரை எழுதுவது போல. “இரவு 4 தோசை → 2 தோசை + ஒரு கிண்ணம் சாம்பார் காய். 14 நாள்.” மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் வரிக்கு மாத்திரையின் மரியாதை கிடைக்கும். கிளம்பும் முன் “வீட்டுல போய் என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதில்தான் நீங்கள் சொன்னது எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியும். ஆண் நோயாளி என்றால் பாதி நேரம் நாம் பேசுவது தவறான ஆளிடம். சமைப்பவர் யாரென்று கேட்டு, அடுத்த முறை அழைத்து வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் அங்கேயே போன் போட்டுப் பேசிவிடுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகும் பெண் தன்னார்வலர்களுக்கு நமக்கில்லாத வசதி இது: அடுப்பு கண்ணெதிரே இருக்கிறது. உங்கள் பகுதியில் அவர் யாரென்று தெரிந்துவைத்துக்கொண்டால் சீட்டில் எழுதிய வரியை அவர் வீட்டில் நினைவுபடுத்துவார்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஒரு வரியை மட்டும் விசாரியுங்கள். மறந்துவிட்டு வேறு அறிவுரை தொடங்கினீர்களோ, முதல் அறிவுரை செத்தது.

சிறுநீரக நோயில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிக்கொண்டே போவது, கர்ப்பகாலச் சர்க்கரை கட்டுக்குள் வராதது, காரணமில்லாமல் எடை குறைவது, எடை ஏறாத கைக்குழந்தை – இவற்றை ஐந்து நிமிடத்தில் தீர்க்கப் பார்க்காமல் மேல்சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

கேழ்வரகுக் கூழ், இரவு சப்பாத்தி என்று மாறிவிட்டேன். ஆனாலும் சர்க்கரை குறையவில்லையே? – வாசகி, மேலூர்

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. வித்தியாசம் இவ்வளவுதான். கேழ்வரகில் கால்சியமும் நாரும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மாவாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடிக்கும்போது மெல்லவே வேலையில்லை, சர்க்கரை சட்டென்று ஏறும். பெரிய சொம்பில் இரண்டு முறை குடித்தால் கேட்கவே வேண்டாம். அடையாக அல்லது களியாக, அளவோடு, கீரை மசியலோ குழம்புக் காயோ சேர்த்துச் சாப்பிடுங்கள். சப்பாத்தியில் எண்ணிக்கையையும் தொட்டுக்கொள்வதையும் பாருங்கள். நாலு சப்பாத்திக்கு உருளைக்கிழங்குக் குருமா என்றால் அது சோற்றை விட மேலில்லை.

மகளுக்கு ஆறாவது மாதம். ஹீமோகுளோபின் 9.2. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒரு மாதமாகப் போடுகிறாள், 9.4தான் ஆகியிருக்கிறது. பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்கிறேன். – ஒரு தாய், மன்னார்குடி

பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது, ரத்தமும் சிவப்பு, அவ்வளவுதான் உறவு. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. முருங்கைக்கீரை பரவாயில்லை, 100 கிராமில் 5 மில்லிகிராமை ஒட்டி. அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்கு. அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கீரை துணைதான், ஏற்ற வேண்டியது மாத்திரை. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்கும் 11க்கும் இடையில் இருப்பவர்களுக்கு நாளைக்கு இரண்டு மாத்திரை என்பதே அரசு முறை. ஒன்றுதான் போடுகிறாளா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, எதனோடு போடுகிறாள் என்பது. காலை டிபன் முடிந்ததும் இரும்பு, கால்சியம் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு டம்ளர் காபி: பல வீடுகளில் நடப்பது இதுதான். கால்சியமும் காபி, டீயும் இரும்பை உறிஞ்சவிடாது. கால்சியம் மாத்திரைக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபி, பால் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் நிறுத்திவிட வேண்டாம், மதியமும் இரவும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைப் பரணில் வைத்துவிட்ட பெண்கள் உண்டு. அது இரும்பின் நிறம், கேடில்லை.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாரம் ஒருமுறை நன்கு வேகவைத்துக் கொடுங்கள், அதிலுள்ள இரும்பு சுலபமாகச் சேரும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பகாலத்தில் தவிர்ப்பது நல்லது.

ஒழுங்காக மாத்திரை போட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். உங்கள் மகளுக்கு 0.2தான் ஏறியிருக்கிறது. அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடாமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். கர்ப்பத்தின் நாலு முதல் ஆறாம் மாதத்துக்குள் கொடுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்றா, பி12 குறைவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். தேவையென்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். ஆறாம் மாதத்தில் அதற்கு நேரம் இருக்கிறது, ஒன்பதாம் மாதத்தில் இருக்காது.

ரத்த அழுத்தத்துக்கு இந்துப்பு நல்லது என்கிறார்கள். சோடியம் குறைத்த உப்பும் கடையில் இருக்கிறது. எதை வாங்குவது? – ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

இந்துப்பு என்பது நிறம் மாறிய சாதா உப்பு. பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், போதாக்குறைக்கு அயோடினும் இல்லை. “நல்ல உப்பு” என்ற நம்பிக்கையில் கை கொஞ்சம் தாராளமாகப் போவதுதான் அதனால் வரும் பலன்.

சோடியம் குறைத்த உப்பு வேறு ரகம். அதில் ஒரு பகுதி சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேருக்கு, முன்பே பக்கவாதம் வந்தவர்களும் ரத்த அழுத்தமுள்ள முதியவர்களுமாகப் பார்த்து, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021ல் முடிவு வெளியானது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும், இதயத்துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போடுபவர்களுக்கும் தேங்க வாய்ப்புண்டு. ரத்த அழுத்தக்காரர்களில் எத்தனையோ பேர் இந்த மாத்திரைகளில்தான் இருக்கிறார்கள். அதனால் கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்து, டாக்டரிடம் மாத்திரைப் பட்டையைக் காட்டிக் கேட்ட பிறகு வாங்குங்கள். அதுவரை மேசையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவிடுங்கள், சோறு வடிக்கையில் உப்புப் போடும் வழக்கமிருந்தால் நிறுத்துங்கள். ஊறுகாய் ஒரு ஸ்பூனில் அரை கிராம் உப்புக்குக் குறையாது.

பையனுக்கு 20 மாதம், 9.8 கிலோ. சாப்பாடே இறங்க மாட்டேன் என்கிறது. பசி வர டானிக் எழுதித் தரச் சொன்னால் டாக்டர் மறுக்கிறார். பால் மட்டும் நாலு பாட்டில் குடிப்பான். – ஒரு தந்தை, ஆம்பூர்

டாக்டர் செய்தது சரி. பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பாட்டில் 250 மில்லி என்றால் ஒரு லிட்டர். நீலப் பாக்கெட் பாலில் அது 600 கலோரியை ஒட்டி வரும். இந்த எடைக் குழந்தைக்கு நாள் முழுக்கத் தேவை சுமார் 800. வயிறு நிறைந்த பிள்ளை எப்படி இட்லி தின்னும்? பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். வெளிறிப்போனால் பசி இன்னும் மந்தமாகும், பால் மேலும் ஏறும்.

ஒரு நாளைக்கு 500 மில்லிக்குள் கொண்டுவர வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கொடுக்கும் பாட்டிலை முதலில் நிறுத்துங்கள். மூன்று நாள் கழித்து இன்னொன்று. பாலில் தண்ணீர் ஊற்றி ஏமாற்ற வேண்டாம், வயிறு நிறையும், சத்து குறையும். மிச்சமுள்ள பாலை டம்ளரில் கொடுங்கள். முதல் நாலைந்து நாள் அழுகையும் பட்டினியும் இருக்கும். பாட்டி மனசு இளகி பாட்டிலை எடுப்பது இங்கேதான். சாப்பாட்டுக்கு 20, 30 நிமிடம். முடியாவிட்டால் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளைவரை பிஸ்கட் கொடுக்காமல் இருங்கள். குழைத்த பருப்புச்சோற்றில் ஒரு ஸ்பூன் நெய், முட்டை, மீன் என்று சிறு அளவில் அடர்த்தியாகக் கொடுங்கள். கிராமச் செவிலியரிடம் இரும்பு சிரப் வாங்குங்கள்: வாரம் இரண்டு முறை 1 மில்லி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, இந்த வயதுக்கு அரை மாத்திரை.

எடையை ஒரே நாளில் பார்த்துப் பயப்பட வேண்டாம். வளர்ச்சி வரைபடத்தில் 20 மாத ஆண் குழந்தையின் நடுக்கோடு 11 கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் பையன் அதற்குக் கீழே இருந்தாலும் குறைவெடைக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறான். முந்தைய எடைகளைத் தடுப்பூசி அட்டையில் பார்த்துப் புள்ளி வையுங்கள். கோடு தன் தடத்தில் போனால் பொறுக்கலாம், தட்டையாகிவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரே மாதத்தில் சர்க்கரையை வேரோடு போக்குவதாக விளம்பரம் வருகிறதே, சாத்தியமா? – வாசகர், தர்மபுரி

வேரோடு இல்லை. மாத்திரை இல்லாமல் கட்டுக்குள் இருப்பது சிலருக்குச் சாத்தியம். பிரிட்டனில் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளிலேயே நடத்திய டைரக்ட் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத, பருத்த உடம்புக்காரர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளைக்கு 850 கலோரியை ஒட்டி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையின்றி இருந்தார்கள், இரண்டாம் ஆண்டில் அது 36 ஆனது. 15 கிலோ, அதற்கு மேல் எடை குறைத்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். முதல் நாளே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தி, நர்ஸோ உணவியல் வல்லுநரோ தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்தில் வராத பகுதி அது.

தைராய்டு இருந்தால் முட்டைக்கோஸ் கூடாதாமே? – வாசகி, தேனி

வேகவைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. தைராய்டு மாத்திரையை எதனோடு விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். காலையில் வெறும் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம்.